கோட்டையூர் முத்தையா சேர்த்து வைத்த சொத்து

செட்டிநாட்டில் சொத்து என்றால் பர்மா தேக்கு, வைரம், வெள்ளிப் பாத்திரம் என்றுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ஒருவர் வேறு மாதிரி சொத்து சேர்த்தார். எடைக்குப் போட்டால் அதற்குப் பெரிய விலை கிடைக்காது. வங்கியில் வைத்தால் கடன் கொடுக்க மாட்டார்கள். ஆனால், கடந்த 200 ஆண்டுகளில் தமிழர்கள் என்ன படித்தார்கள், எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்த நாடகத்துக்கு டிக்கெட் வாங்கினார்கள் என்று அறிய வேண்டுமானால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் அந்தச் சொத்தைத்தான் தேடி வர வேண்டியிருக்கிறது. அவர் பெயர் ரோஜா முத்தையா செட்டியார்.

முத்தையா பேராசிரியர் இல்லை. சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர். தூரிகையைக் கீழே வைத்த நேரத்தில் அவர் கால்கள் போன இடம், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள். மற்றவர்கள் ஒரு புத்தகத்தைத் தேடிப் போவார்கள். அவர் கண்ணில் பட்டதையெல்லாம் பத்திரப்படுத்தினார். பிறகு ஊர் திரும்பியவர், கோட்டையூர் வீட்டையே நூலகமாக்கிவிட்டார்.

அங்கே என்னதான் இல்லை? 19-ம் நூற்றாண்டில் அச்சான இலக்கண, இலக்கிய நூல்கள், சித்த மருத்துவச் சுவடிகளின் அச்சுப் பதிப்புகள், குஜிலிக் கடைகளில் விற்ற மலிவு விலைப் பாட்டுப் புத்தகங்கள், பாதியில் நின்றுபோன மாத இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள். படித்தவர்கள் 'குப்பை' என்று ஒதுக்கியவை இவற்றில் பாதி.

அந்தக் 'குப்பை'யின் அருமை பிறகுதான் தெரிந்தது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. இன்று அந்தப் படத்தின் பிரதி கிடையாது. தொடக்க காலப் படங்கள் பலவற்றின் கதி அதுதான். கதை என்ன, பாட்டு என்ன, யார் நடித்தார்கள் என்று சொல்ல மிஞ்சியிருப்பவை, கொட்டகை வாசலில் விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும்தான். படச்சுருள் அழிந்துவிட்டது; அணாக் கணக்கில் விற்ற காகிதம் சாட்சி சொல்கிறது.

மூர் மார்க்கெட்டும் 1985-ல் தீக்கிரையானது. முத்தையா அதற்கு முன்பே அங்கிருந்து வாங்கி வந்தவை கோட்டையூரில் பிழைத்துக் கிடந்தன.

காகிதம் இங்கே, படச்சுருள் அங்கே

1992-ல் முத்தையா காலமானார். இப்படிப்பட்ட சேகரிப்புகளுக்கு மிகவும் ஆபத்தான நாள், சேர்த்தவர் கண்ணை மூடும் நாள்தான். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பது அவர் மனதில் மட்டுமே இருந்திருக்கும். அடுத்த தலைமுறைக்கு வேலை வேறு ஊரில் இருக்கும். கரையானும் ராமபாணப் பூச்சியும் அதுவரை காத்திருக்காது. தமிழ்நாட்டில் எத்தனையோ தனியார் நூலகங்கள் இப்படிச் சிதறிப் போயிருக்கின்றன.

கோட்டையூர் சேகரிப்பு சிதறவில்லை. ஏ.கே. ராமானுஜன் பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம், சேகரிப்பு முழுவதையும் முத்தையாவின் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள். 'போச்சு, இதுவும் வெளிநாட்டுக்குப் போய்விட்டது' என்று பெருமூச்சு விடத் தேவையில்லாமல் போனதுதான் இந்தக் கதையின் திருப்பம். புத்தகங்கள் கப்பல் ஏறவில்லை. 1994-ல் கோட்டையூரிலிருந்து சென்னைக்கு வந்தன. 'மொழி' அறக்கட்டளையின் பொறுப்பில் 'ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்' தொடங்கியது. சினிமா வரலாற்றாய்வாளர் சு. தியடோர் பாஸ்கரன் சில ஆண்டுகள் அதன் இயக்குநராக இருந்தார். இன்று அது சென்னை தரமணியில் இயங்குகிறது.

ஏற்பாடு எளிமையானது. மூலப் பிரதி தமிழ் மண்ணிலேயே இருக்க வேண்டும். பக்கம் பக்கமாக மைக்ரோஃபிலிமில் படம் பிடித்து, ஒரு பிரதி சிகாகோவுக்குப் போக வேண்டும். எந்த நூல், எந்த ஆண்டு, எந்த அச்சகம் என்ற நூற்பட்டியலை யாரும் தேடிப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

ஸ்கேனர் இல்லாத ஊரே இல்லை என்னும் இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால், 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழில் செய்த காகிதம்தான் பரவலாகப் புழங்கியது. அதிலுள்ள அமிலம் காகிதத்தை உள்ளிருந்தே தின்னும். பக்கத்தைப் புரட்டினால் அப்பளம் போல நொறுங்கும். ஒவ்வொரு வாசகர் தொடும்போதும் புத்தகத்தின் ஆயுள் குறையும். அதனால்தான் பல நூலகங்களில் அரிய நூலைக் கேட்டால் கைவிரிப்பார்கள். படம் பிடித்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை. புத்தகம் ஓய்வெடுக்கலாம், வாசகர் படிக்கலாம். முறையாகப் பாதுகாத்தால் நல்ல மைக்ரோஃபிலிம் நூறாண்டுகளைத் தாண்டியும் நிற்கும்.

பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணத்தைக் கேட்டால் சொல்லும். 1981-ல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. கட்டடத்தைத் திரும்பக் கட்ட முடிந்தது. பிரதி இல்லாத ஏட்டை எதை வைத்துத் திரும்பக் கட்டுவது? அந்த வலியைச் சுமந்த ஈழத் தமிழர்கள் 2005-ல் 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கினார்கள். இன்று இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் டொரன்டோவில் இருப்பவரும் வவுனியாவில் இருப்பவரும் கட்டணமில்லாமல் படிக்கிறார்கள்.

ஏவி.எம். விட்டுக்கொடுத்த உரிமை

புத்தகம் பிழைத்துவிட்டது, படமும் பிடித்தாயிற்று. உடனே எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிடலாமா? முடியாது. இடையில் காப்புரிமைச் சட்டம் நிற்கிறது.

இந்தியாவில் ஓர் எழுத்தாளரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் காப்புரிமை உண்டு. காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கவியரசு கண்ணதாசன் 1981-ல் மறைந்தார். அவர் எழுத்துகளுக்கான காப்புரிமை 2041-ம் ஆண்டு முடியும்வரை தொடரும். எழுதியவரின் குடும்பம் பிழைக்க வேண்டும் என்பதற்கான நியாயமான ஏற்பாடு அது.

சிக்கல், உரிமையாளர் யாரென்றே தெரியாத நூல்களில்தான். 1940-களில் தேவகோட்டையிலோ புதுக்கோட்டையிலோ ஒரு சிறிய அச்சகம் வெளியிட்ட புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் எப்போது இறந்தார், வாரிசு யார் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு நூலகருக்குத் தலை நரைத்துவிடும். யாரும் விற்பதும் இல்லை, துணிந்து வெளியிடுவதும் இல்லை. செட்டிநாட்டு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காரவைக்கப்பட்டது போலத்தான். நூற்பட்டியலில் பெயரைப் பார்க்கலாம். வளவுக்குள் நுழைந்து புத்தகத்தைப் பார்க்க முடியாது.

இந்தப் பூட்டைத் திறக்கத் தமிழ்நாடு ஒரு வழி கண்டுபிடித்தது. அதிலும் ஒரு காரைக்குடிக்காரருக்குப் பங்கு உண்டு. மகாகவி பாரதியின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒரு காலத்தில் தனியாரிடம் கைமாறிக்கொண்டிருந்தது. 1940-களில் அதை விலை கொடுத்து வாங்கியவர், காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்ப செட்டியார். 1947-ல் வந்த அவருடைய 'நாம் இருவர்', காரைக்குடியில் அமைத்த ஸ்டுடியோவில் உருவான படம். அதில் பாரதி பாடல்கள் ஒலித்தன. ஆனால், வேறு யாரும் பாரதியைப் படத்தில் பாடவைக்க வேண்டுமென்றால் அவரிடம் அனுமதி பெற வேண்டிய நிலை.

'பாரதி எல்லோருக்கும் சொந்தம்' என்ற கோரிக்கை வலுத்தது. 1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை எடுத்துக்கொண்டது. பாரதியின் மனைவி செல்லம்மாவுக்கும் மகள்களுக்கும் அரசு பணம் கொடுத்தது. மெய்யப்ப செட்டியார் தன் ஒலிப்பதிவு உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். 1955-ல் பாரதி படைப்புகள் முழுமையாக மக்களுக்குப் பொதுவாயின. அன்றைய சட்டப்படி காத்திருந்தால் 1971 முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு மலிவு விலையில் பாரதி பாடல் தொகுப்பு நுழைந்ததற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

அந்த வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள், குடும்பத்தாருக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஏராளமானவற்றை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' இன்னொரு வகை உழைப்பு. சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் இக்கால நூல்கள் வரை கணினியில் ஏற்றினார்கள். ஒரு காசு கூலி இல்லை. படமாக மட்டும் இருக்கும் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். எழுத்தாக ஏற்றிய பக்கத்தில் கண் இமைக்கும் நேரத்தில் கிடைத்துவிடும்.

6,000 கோடி ரூபாய்ச் சாவி

கோட்டையூருக்கு இன்னொரு மகனும் உண்டு: வள்ளல் அழகப்பச் செட்டியார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் தொடங்கிய கல்லூரிகளின் தொடர்ச்சியாக 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் உருவானது. அந்த வளாகத்தில் 2025 ஜனவரியில் லட்சுமி வளர்தமிழ் நூலகமும் திறக்கப்பட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஆராய்ச்சி செய்பவருக்குப் புத்தகத்தைவிட ஆய்விதழ்கள்தான் அன்றாடச் சோறு. அங்கேதான் ஒரு விசித்திரமான வியாபாரம் நடக்கிறது. பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் ஆராய்ச்சி நடக்கும். ஆய்வாளர் சம்மானம் வாங்காமல் கட்டுரையைக் கொடுப்பார். அதைச் சரிபார்க்கும் பேராசிரியர்களும் பெரும்பாலும் சம்பளம் இல்லாமல்தான் படித்துத் தருவார்கள். பதிப்பகம் அதை இணையத்தில் பூட்டிவைத்து, ஒரே ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது, நாற்பது டாலர் கேட்கும். ஆய்வு மாணவருக்கு அது ஒரு மாத மெஸ் கட்டணம்.

இது நியாயமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது. புடாபெஸ்ட் நகரில் கூடிய அறிஞர்கள் 2002-ல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'திறந்த அணுகல்' என்ற சொல் பரவியது. ஆய்வுக் கட்டுரையை யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம், பிரதி எடுக்கலாம், பகிரலாம் என்பதுதான் அதன் சாரம்.

இந்தியாவிலும் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் விதி வகுத்தது. அதுவரை காலிகோ அட்டையில் தங்க எழுத்தோடு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஆய்வேடுகள் இப்போது 'சோத்கங்கா' தளத்தில் லட்சக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. 2012-ல் டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை ஒன்றின் மீது மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களை மாணவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பது குற்றமில்லை என்று 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அடுத்த பெரிய அடி, 'ஒரே நாடு ஒரே சந்தா'. 2024 நவம்பர் 25-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்த ஏறக்குறைய 1.8 கோடிப் பேர் பயன்பெறலாம் என்பது கணக்கு.

நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால், இது சந்தா கட்டி வாங்கிய சாவி. சந்தா நின்றால் சாவியும் போய்விடும். முதல் கட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். செட்டிநாட்டுச் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கும், ஓய்வுபெற்ற பிறகு ஊர் வரலாறு எழுதும் ஆசிரியருக்கும் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

பக்கத்துத் தெருப் பேரேடு எங்கே?

காரைக்குடியில் ஓர் ஆய்வு மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தார் குடும்பங்கள் பற்றி ஆராய்கிறார். லண்டனிலோ சிகாகோவிலோ ஒரு பேராசிரியர் எழுதிய கட்டுரை, புதிய திட்டத்தின் புண்ணியத்தில் அவர் கைக்குச் சில நொடிகளில் வந்துவிடும். ஆனால், ரங்கூன் கடையில் நடந்த லேவாதேவியின் பேரேடும் ஐந்தொகையும் அவர் குடியிருக்கும் தெருவிலேயே ஏதோ ஒரு வீட்டு மேல்மாடியில் கிடக்கலாம். அதை எந்த 6,000 கோடியாலும் திறக்க முடியாது.

செட்டிநாட்டு வீடுகளின் நிலைமை அப்படி. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டுமே பல வீடுகள் திறக்கும். திறக்கும் நாளில் வெள்ளிச் சாமானைக் கணக்குப் பார்ப்பார்கள். மூலையில் கட்டிக் கிடக்கும் இசைகுடிமானப் பத்திரம், மொய்ப்பண ஏடு, பெட்டியடிப் பையன் ஊருக்கு எழுதிய கடிதம் இவற்றை யார் கணக்குப் பார்ப்பது? 'சுத்தம் பண்ணுகிறோம்' என்று ஒரு நாள் பழைய பேப்பர் கடைக்குப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு வரும். அங்கிருந்து யாரோ ஒரு பயணியின் பெட்டியில் ஏறி, ஏதோ ஓர் ஓட்டல் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும். அத்தோடு அது யார் வீட்டுக் காகிதம் என்ற விவரம் மறைந்துவிடும்.

இழப்பு வணிகக் கணக்கோடு நிற்கவில்லை. 1917-ல் காரைக்குடியில் இந்து மதாபிமான சங்கம் தொடங்கியது. 1919-ல் பாரதி அங்கு வந்தார். கையில் தடியோடு அமர்ந்திருக்கும் பாரதியின் புகழ்பெற்ற புகைப்படம் அந்த வருகையின்போது எடுத்தது. சொ. முருகப்பாவின் 'குமரன்', ராய. சொக்கலிங்கனாரின் 'ஊழியன்' என்று 1920-களில் இந்த ஊரிலிருந்து இதழ்கள் வந்தன. புதுமைப்பித்தனே சில காலம் 'ஊழியன்' அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த இதழ்களை வாங்கிப் படித்தது இந்த வீடுகள்தான். ஒரு வாரத்து இதழ், எந்த நூலகத்திலும் இல்லாத அந்த ஒரே இதழ், இன்னும் ஏதோ ஒரு பரணில் இருக்கலாம்.

அதனால், அடுத்த முறை வீடு திறக்கும்போது காகிதக் கட்டுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கிழிந்ததை செலோடேப் போட்டு ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் பசை பழுப்பேறிக் காகிதத்தைக் கெடுக்கும். லேமினேஷன் இன்னும் மோசம். இதழ்களின் அட்டையையும் விளம்பரத்தையும் கிழித்து எறிய வேண்டாம். வரலாற்று ஆய்வாளருக்குக் கதையைப் போலவே அதுவும் முக்கியம். பழைய போட்டோவின் பின்னால் மென்மையான பென்சிலில் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். அந்த முகங்களை அடையாளம் சொல்லத் தெரிந்த ஆச்சி இருக்கும்போதே எழுதுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தாலே ஒரு பிரதி ஆயிற்று. பிறகு ஓர் ஆராய்ச்சி நூலகத்தையோ பக்கத்துப் பல்கலைக்கழகத்தையோ கேளுங்கள்.

எல்லாவற்றையும் ஊருக்குத் திறந்துகாட்ட வேண்டும் என்றும் இல்லை. பேரேட்டில் கடன் வாங்கியவர் பெயர் இருக்கும். கடிதத்தில் குடும்பச் சண்டை இருக்கும். 'இதை மட்டும் இத்தனை ஆண்டு கழித்துத்தான் காட்ட வேண்டும்' என்று நிபந்தனையோடும் ஒப்படைக்கலாம். மூடிவைத்த காகிதத்தை என்றாவது ஒரு நாள் திறக்க முடியும். எடைக்குப் போட்டதைத் திறக்க முடியாது.

திறந்த அணுகல் என்பதைப் பல்கலைக்கழகமும் அரசும் பார்த்துக்கொள்ளும் வேலை என்று விட்டுவிடுவது எளிது. சட்டம் பூட்டை எடுக்கும், பணம் சாவி வாங்கும், கணினி கதவைத் திறக்கும். திறந்த பிறகு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும் என்றால், அதை முதலில் ஒருவர் எறியாமல் வைத்திருக்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதிய ஒருவர் தனி ஆளாக ஒரு லட்சம் உருப்படிகளை அப்படி வைத்திருந்தார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டிரங்குப் பெட்டியைப் பார்த்துக்கொண்டால் போதும்.